பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

(நமது பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். சென்ற முறை நானும் அப்படித்தான் பேசினேன். பின் வரிசையில் ஒரு தாய் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். அவர் மீது குற்றம் இல்லை. காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போய் வந்தவர் அவர். ஆகையால் இம்முறை பெருமையை விட்டுவிட்டு, இந்தத் தோட்டத்தில் பிறந்து, இதே பள்ளியில் படித்த ஒரு பெண்மணியைப் பற்றி உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அவர் ஒரு தாதி. நம் பாட்டிமார் பாஷையில் ‘மிஸ்ஸி’. மணவிலக்குப் பெற்றவர். வேலையில் அவர் முன்னுக்கு வந்ததெல்லாம் மணவிலக்குக்குப் பிறகுதான். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் பேசுகிறேன். “பேசுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம். என் மகன் பெரிய பையனாயிட்டான்” என்றார். உங்களில் சிலருக்கு ஆள் யாரென்று இந்நேரம் தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

2016ஆம் ஆண்டு அவர் மகன் முதலாம் ஆண்டில், என் வகுப்பில் இருந்தான். அரையாண்டுச் சோதனை முடிந்து தேர்ச்சி அட்டையைக் கையெழுத்துக்காக வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அவன் கொண்டுவந்த அட்டையில் தாயின் கையெழுத்து இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பது பிள்ளைகள் முன்னிலையில், “அப்பா கையெழுத்து எங்கேடா?” என்று கேட்டேன். அவன் சிறிது நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “அப்பா சிங்கப்பூர்ல வேலை செய்றாரு டீச்சர்” என்றான். ஏழு வயதுப் பிள்ளை அந்தப் பொய்யை எவ்வளவு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தானோ!

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து அட்டைகளை அடுக்கும்போதுதான் அந்த வரியைப் படித்தேன். ‘தண்டாத்தாங்கான் இபு பாப்பா, பெஞ்சாகா’ என்று அச்சடித்திருந்தது. தாய் தந்தை அல்லது பாதுகாவலர் கையெழுத்து. தந்தை மட்டும்தான் போட வேண்டும் என்று அட்டை கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். மறுநாள் அந்தத் தாயைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பமானது.

அவருடைய தாயார் இந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரங்களைத் தள்ளிச் செம்பனை போட்ட பிறகு வெளிக்காட்டு வேலைக்குப் போனவர். தந்தையார் முன்பே காலமாகிவிட்டார். எஸ்.பி.எம். முடித்த மகளைத் தாதியர் கல்லூரியில் சேர்த்தார்கள். மூன்று வருட டிப்ளோமா. பி.டி.பி.டி.என். கடனில்தான் படிப்பு. 2006இல் படிப்பு முடிந்து, லெம்பாகா ஜூருராவாட் எனும் மலேசியத் தாதியர் வாரியத்தில் பெயர் பதிவாகி, பட்டணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். 2008இல் கல்யாணம். மறு வருடம் பிள்ளை.

கல்யாண வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது அவர்களுடைய விஷயம். வேலையைப் பொறுத்த மட்டில் ஒன்று சொல்ல வேண்டும். இரவு வேலை செய்யும் பெண்ணை வீட்டில் பிடிக்கவில்லை என்பதற்காக ஆஸ்பத்திரி வேலையை விட்டு, பகலில் மட்டும் திறக்கும் ஒரு கிளினிக்கில் குறைந்த சம்பளத்துக்குப் போனார். ஆனால் ஒரு காரியத்தை மட்டும் அவர் விடவில்லை. தாதி ஒருவர் வேலை செய்ய வேண்டுமானால் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும், ஆண்டுக்காண்டு தொழில் சான்றிதழையும் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பயிற்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது பயிற்சி நடந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போய் உட்கார்ந்திருக்கிறார். “அது போச்சுன்னா நான் யாருன்னே எனக்குத் தெரியாம போயிரும் டீச்சர்” என்றார்.

2013இல் ஒரு நாள் இரவு அவர் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தபோது ஒரு கையில் பிள்ளை, மறு கையில் ஒரு ஹப் செங் பிஸ்கட் டின். டின்னுக்குள் பிஸ்கட் இல்லை. எஸ்.பி.எம். சான்றிதழ், டிப்ளோமா, வாரியத்தின் பதிவுத்தாள், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவுப் பத்திரம், எல்லாம் அதில்தான். நகையை எடுக்கவில்லை. “நகை திரும்ப வாங்கிக்கலாம்” என்றார். வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

இங்கே தாய்மார்களுக்கும் வயது வந்த பெண் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. நம் நாட்டில் பெண்ணின் ஐ.சி.யில் இன்னாரின் மகள் என்றுதான் இருக்கிறது. கல்யாணம் ஆனாலும் அந்தப் பெயர் மாறுவதில்லை, கல்யாணம் முறிந்தாலும் மாறுவதில்லை. சான்றிதழில் இருப்பதும் அதே பெயர்தான். அவர் மணவிலக்குப் பெற்று மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றபோது ஒரு தாளிலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாள்களை மாமியார் வீட்டு அலமாரியில் யார் கையிலோ சாவி இருக்கும்படி வைக்காதீர்கள்.

தோட்டத்துக்குத் திரும்பி வந்தவரைப் பெரியவர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். நல்லெண்ணத்தில்தான் பேசினார்கள் என்று நானும் நம்புகிறேன். “அனுசரிச்சுப் போம்மா” என்றார்கள். ஒருவர் மட்டும், பஞ்சாயத்தில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது, கோர்ட்டு எதற்கு என்று கேட்டாராம். தீராது, ஐயா. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் மணவிலக்குக்கும் 1976ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அது 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி மணவிலக்கைக் கொடுப்பது ஹைகோர்ட்டுதான். கோயில் கமிட்டியோ சங்கமோ கொடுக்க முடியாது. அது போலவே, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, திருமணத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாமல் குடித்தனம் நடத்துகிறவர்கள் நம் தோட்டத்திலும் இருக்கிறார்கள். நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு ஜீவனாம்சம் என்று நிற்கும்போது கையில் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இருக்காது.

கணவன் மனைவி இருவரும் சம்மதித்தால் சேர்ந்தே மனுப் போடலாம். ஒருவர் சம்மதிக்காவிட்டால், பெரும்பாலும் முதலில் தேசியப் பதிவு இலாகாவில் உள்ள சமரசக் குழுவிடம் போக வேண்டும். சேர்ந்து வாழ வழி உண்டா என்று அவர்கள் பார்ப்பார்கள். இல்லை என்றால் சான்று கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் கோர்ட்டில் மனு. நம்மவர் மூன்று தடவை போய் உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு ஒரு தடவைகூட வரவில்லை. வக்கீல் வைக்கக் காசு இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா ஒன்று இருக்கிறது, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. அங்கே பாரம் எழுதிக் கொடுத்தார். கோர்ட்டு முதலில் கொடுப்பது தற்காலிகத் தீர்ப்பு. மூன்று மாதம் கழித்துத்தான் அது முடிவான தீர்ப்பாகும். 2015இல் அது கைக்கு வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானத்தில்தான் சட்டம் ஆரம்பிக்கிறது, மாற்றிக் காட்டினால் ஒழிய. பிள்ளை தாயோடு வந்தான். தகப்பனார் மாதாமாதம் பிள்ளைக்குப் பணம் கட்ட வேண்டும் என்றும் உத்தரவு ஆயிற்று. கட்டினாரா என்று கேட்காதீர்கள். சில மாதம் கட்டினார்.

(இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முன்பு பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரைக்கும்தான் செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, மேற்படிப்போ பயிற்சியோ முடியும் வரைக்கும் கேட்கலாம். தெரியாமல் விட்டுவிடாதீர்கள்.)

கோர்ட்டு வேலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே, 2014இல், அவர் மறுபடியும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இங்கேதான் நான் இன்று பேச வந்த விஷயமே ஆரம்பமாகிறது.

ஆஸ்பத்திரி வேலை என்றால் மூன்று ஷிப்ட். காலை ஏழிலிருந்து இரண்டு. பகல் இரண்டிலிருந்து இரவு ஒன்பது. இரவு ஒன்பதிலிருந்து விடிய ஏழு. காலை ஷிப்டையும் பகல் ஷிப்டையும் எப்படியோ சமாளித்துவிடலாம். இரவு ஷிப்ட் வந்தால் அவர் எட்டு மணிக்கே மோட்டாரில் புறப்பட வேண்டும். திரும்பி வரக் காலை எட்டு ஆகும். பாட்டிதான் பிள்ளையோடு படுத்துக்கொள்வார். ஆனால் பாட்டி ஐந்தரைக்குப் பெரட்டுக்குப் போயாக வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்குவது ஏழரைக்கு. ஐந்தரையிலிருந்து ஏழரை வரைக்கும் இரண்டு மணி நேரம். அந்த இருட்டு நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

கேட்பதற்குச் சின்னக் கேள்வியாக இருக்கிறது. ஒரு பெண்ணின் தொழிலே அந்த இரண்டு மணி நேரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா? முதல் மாதம் பிள்ளையை எழுப்பி உட்கார வைத்து, கதவை வெளியே பூட்டிவிட்டுப் பாட்டி வேலைக்குப் போனார். ஒரு நாள் பிள்ளை உள்ளே அழுத சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். ஆயாக்கொட்டகையில் இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளைப் பார்த்தவர். இங்கே உட்கார்ந்திருக்கும் தகப்பன்மார்களில் பாதிப் பேர் அவர் கட்டிய ஏணையில் தூங்கியவர்கள்தான். அவர் அன்றைக்கு மாலையில் வந்து சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வோர் இரவு ஷிப்ட் வாரமும் ஐந்தே காலுக்கு வந்து, பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், குளிப்பாட்டி, மைலோ கலக்கிக் கொடுத்துப் பசியாற வைத்து, பள்ளிக்கூடத்து வாசல் வரை கொண்டுவந்து விடுவார். மாதம் ஐம்பது வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்ததற்கு, “பிள்ள வளர்க்கிறத எண்ணிக்கிட்டா இருப்பாங்க? வெத்தல வாங்கிக் குடு, போதும்” என்றாராம்.

அதே லயத்தில்தான் வேறு பேச்சும் இருந்தது. இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் மோட்டாரில் போவதையும் காலை எட்டு மணிக்கு வருவதையும் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். ‘வாழாவெட்டி’ என்ற வார்த்தை அந்தப் பிள்ளையின் காதில் விழும்படியே சொல்லப்பட்டது. அந்தச் சொல்லின் அர்த்தத்தை அவன் என்னிடம் வந்து கேட்டான். தமிழாசிரியரிடம் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறான் பிள்ளை, என்னால் சொல்ல முடியவில்லை. பாடம் எடுக்க நேரமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்து அவர் எப்படி உயர்ந்தார் என்பதைச் சொல்கிறேன். பெண் பிள்ளைகள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஆண் பிள்ளைகளும் கேட்கலாம், ஆண் தாதியரும் இருக்கிறார்கள்.

டிப்ளோமா பெற்றுப் பதிவானவர் தாதி. அதற்கு மேல் போக வேண்டுமானால் ‘போஸ்ட் பேசிக்’ என்று ஒரு பயிற்சி உண்டு. அவசரச் சிகிச்சை, அறுவைக்கூடம், குழந்தைகள் பிரிவு, சிறுநீரகம், பிரசவம் என்று ஏதாவது ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ படிக்க வேண்டும். சிஸ்டர் ஆக வேண்டுமானால் பொதுவாக இந்தப் பயிற்சியைக் கேட்பார்கள். அதற்கும் மேலே மேட்ரன். இதற்கிடையில் வேலை செய்துகொண்டே பட்டமும் படிக்கலாம்.

நம்மவர் போஸ்ட் பேசிக்குக்கு மனுச் செய்தார். முதல் தடவை கிடைக்கவில்லை. மேலதிகாரி ஒருவர் நேருக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்: “உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு, புருஷனும் இல்ல. நடுவுல விட்டுட்டு ஓடி வந்திருவ.” அந்த ஆஸ்பத்திரியின் பெயர் நமக்கு வேண்டாம். பெயர் சொன்னால் அது ஒன்றுதான் அப்படி என்று ஆகிவிடும்.

மறு வருடம் அவர் சிறுநீரகப் பிரிவைக் கேட்டு மனுச் செய்தார். ஏன் சிறுநீரகம் என்று நான் கேட்டேன். நமது இனத்தில் இனிப்பு நீர் வியாதி அதிகம், அதனால் சேவை செய்ய வேண்டும் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, “டயாலிசிஸ் சென்டர்ல நைட் டூட்டி இல்ல டீச்சர்” என்றார். எனக்கு அந்தப் பதில் ரொம்பவும் பிடித்தது.

டயாலிசிஸ் என்றால் பயப்படாதவர்கள் இங்கே குறைவு. சிறுநீரகம் வேலை செய்யாமல் போனால் உடம்பில் சேரும் கழிவையும் நீரையும் இயந்திரத்தின் வழியாக எடுக்க வேண்டும். கையில் ஒரு சிறிய ஆபரேஷன் செய்து தமனியையும் சிரையையும் இணைத்து இரத்தக் குழாயைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அதில் இரண்டு ஊசி குத்துவார்கள். ஓர் ஊசி வழியாக இரத்தம் வெளியே வந்து, வடிகட்டியில் சுத்தமாகி, மற்ற ஊசி வழியாக உள்ளே போகும். ஒரு தடவைக்குச் சுமார் நான்கு மணி நேரம். வாரத்தில் மூன்று தடவை. உட்காரும் முன்பும் எழுந்த பிறகும் எடை பார்த்து எவ்வளவு நீர் எடுத்தார்கள் என்று கணக்கு வைப்பார்கள். நோயாளிகள் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், சில இடங்களில் மாலையிலும் ஒரு கூட்டம் வருவார்கள். இரவில் பூட்டிவிடுவார்கள். கடைசிக் கூட்டம் முடிந்து, சுத்தம் செய்துவிட்டுத் தாதி வீட்டுக்கு வந்து தன் பிள்ளையோடு படுக்கலாம்.

இம்முறை அனுமதி கிடைத்தது. பயிற்சிச் செலவு ஆஸ்பத்திரியுடையது. படித்து முடித்ததும் இரண்டு வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். பயிற்சி நடந்த இடம் கோலாலம்பூர், காலம் ஆறு மாதம்.

2017இல் அந்த ஆறு மாதமும் பிள்ளை இங்கே, தாய் அங்கே. சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து இரவு வருவார், ஞாயிறு மாலை போய்விடுவார். முதல் மூன்று வாரமும் மகன் அவரோடு பேசவில்லை. பாட்டியின் கைலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றானாம். வகுப்பிலும் பார்த்தேன். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளை வெற்று நோட்டைக் கொடுத்தான். நான் திட்டவில்லை. முந்தின வருடம் பட்ட பாடு எனக்குப் போதும். மதிய இடைவேளையில் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொன்னேன். சில நாள் எழுதினான், சில நாள் தூங்கினான். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்காவது வாரம் தாயிடம் வந்து, “அம்மா, நீயும் பரீட்சை எழுதுறியா?” என்று கேட்டிருக்கிறான். ஆமாம் என்றதும், “உன் ரிப்போர்ட் கார்டுல யாரு சைன் பண்ணுவா?” என்றானாம். அவர் பயிற்சி முடிந்து மதிப்பெண் தாளைக் கொண்டுவந்தபோது அதன் பின்பக்கத்தில் அவனைக் கையெழுத்துப் போட வைத்தார். மூலத்தில் அல்ல, நகலில். அவர் தாள் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதைக்காரர்.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பட்டணத்தில் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு மாறினார். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டோம். டயாலிசிஸ் நோயாளி கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. ஒரு வாரம் தவறினாலே உயிருக்கு ஆபத்து. அவர் கடிதத்தைக் காட்டி ரோட்டில் போலீஸ் தடைகளைக் கடந்து தினமும் போய் வந்தார். வீட்டு வாசலில் உடுப்பை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நம் தோட்டத்து நோயாளிகளும் அந்த மையத்துக்குப் போகிறார்கள். அவரைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் குத்தும் ஊசிக்குக் கையை நீட்டுகிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் பார்த்தேன், சொல்கிறேன்.

2021இல் அந்த மையத்தின் பொறுப்புத் தாதியாக நியமிக்கப்பட்டார். அடுத்த வருடம், வேலை செய்துகொண்டே படிக்கும் பட்டப்படிப்பில் சேர்ந்தார். இ.பி.எப். பணத்தில் ஒரு பகுதியைப் படிப்புக்கு எடுக்கலாம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதில்தான் சேர்ந்தார். ஒரு பாடத்தில் தோற்றும் போனார். மறுபடி எழுதினார். பட்டம் இன்னும் முடியவில்லை. பழைய பி.டி.பி.டி.என். கடனையும் மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று நான் சொன்னால் அவரே எழுந்து மறுப்பார்.

நாற்பது வருடத்துக்கு முன்பு நம் தோட்டத்தில் ஒரு பெண் கணவனைப் பிரிந்து வந்தால் அடுத்த நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு பால் வெட்டப் போவாள். அதுவும் உழைப்புத்தான். ஆனால் முதல் நாள் வெட்டிய அதே மரத்தைத்தான் இருபது வருடம் கழித்தும் வெட்டுவாள். தாதி வேலையில் அப்படி இல்லை. ஒரு படி ஏறினால் அந்தப் படி அவளுடையது, யாரும் இறக்கிவிட முடியாது. பிளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி இதே மேடையில் நாமெல்லோரும் பேசியிருக்கிறோம். மகத்தானவர்தான். ஆனால் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் கதையில் காலை ஐந்தரைக்குப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வராது.

மாணவிகளே, அந்தப் படிகளில் முதல் படி எஸ்.பி.எம். தாதியர் படிப்புக்கு மலாய், கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களில் கிரெடிட் கேட்பார்கள். ஆங்கிலமும் வேண்டும். மலாயிலும் சரித்திரத்திலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. அது பிறகு பார்க்கும் விஷயம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் ஆண்டில் மலாய் வாசிக்கத் திணறும் பிள்ளை ஐந்தாம் படிவத்தில் திடீரென்று வாசித்துவிடாது. யு.பி.எஸ்.ஆர். இப்போது இல்லை, 2021இல் எடுத்துவிட்டார்கள், ஆகையால் சோதனையே இல்லை என்று சில பெற்றோர்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள். எனக்கு அந்த நிம்மதி இல்லை.

பெற்றோர்களே, மகளைத் தாதியர் படிப்புக்கு அனுப்பும்போது, நாளைக்கு அவள் கல்யாணம் முறிந்தால் உதவும் என்று நினைத்து அனுப்ப வேண்டாம். யாரும் அப்படி நினைத்து அனுப்ப மாட்டீர்கள். ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போது, மாப்பிள்ளை வீட்டாரிடம் இரவு ஷிப்ட் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். வெட்கப்படாதீர்கள். சீர்வரிசையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால் என்ன?

அந்தப் பக்கத்து வீட்டு மூதாட்டி 2021இல் காலமானார். கட்டுப்பாட்டுக் காலம். ஈமக்கிரியைக்கு இத்தனை பேர்தான் போகலாம் என்றிருந்தது. அவர் வளர்த்த பிள்ளைகள் எத்தனை நூறு பேர், கணக்கில்லை. நின்றவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் நம் மாணவனும் ஒருவன். அவனுடைய தாய் அந்த நேரத்தில் மையத்தில் ஊசி குத்திக்கொண்டிருந்தார். அவர் வேலை முடிந்து மாலையில் வந்தபோது வாசலில் தெளித்த தண்ணீர்கூடக் காய்ந்துவிட்டது. இந்த ஒன்றை என்னிடம் சொல்லும்போதுதான் அவர் அழுதார். மணவிலக்குப் பற்றிப் பேசியபோது அழவில்லை.

இப்போது ஒரு விஷயம். நம் தோட்டத்திலும் எதிரே உள்ள தாமானிலும் சேர்த்து, ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய்மார்கள் எனக்குத் தெரிந்து நான்கு பேர் இருக்கிறார்கள். இருவர் ஆஸ்பத்திரியில், இருவர் பேக்டரியில். அவர்களில் இருவர் கணவன் துணை இல்லாதவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் காலை ஆறு மணிக்கே பள்ளிக்கூடக் கேட்டில் வந்து நிற்கிறார்கள். மழை நாளில் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள பஸ் நிழற்குடையில் நிற்கிறார்கள். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். ஆறு மணிக்கு ஒரு வகுப்பறையைத் திறந்துவிட அனுமதி கொடுத்திருக்கிறார். திங்கள், செவ்வாய், புதன் நான் வந்துவிடுவேன். வியாழனும் வெள்ளியும் ஆள் இல்லை. ஓய்வு பெற்ற தாத்தாமார், பாட்டிமார் யாராவது வந்து உட்கார்ந்தால் போதும். பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சம்பளமும் கிடையாது, வெற்றிலை வேண்டுமானால் நான் வாங்கித் தருகிறேன். விழா முடிந்ததும் பலகாரம் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.